கூவத்துல நட்ட தூண்... கரைஞ்சு போன 13 வருஷம்! ரோடு போடுறதுக்கு முன்னாடி யார் பார்க்கணும்?

சென்னை,

ஒரே சாலைக்கு 2 பிரதமர்கள் வந்து, 2 முறை அடிக்கல் நாட்டிய ஊர் சென்னை. துறைமுகம் - மதுரவாயல் பறக்கும் சாலையைத்தான் சொல்கிறோம்.

2009-ம் ஆண்டு ஜனவரியில் அப்போதைய பிரதமர் மன்மோகன்சிங் முதல் அடிக்கல்லை நாட்டினார். அன்றைக்கு மதிப்பீடு ரூ.1,655 கோடி. 2022-ம் ஆண்டு மே 26-ந்தேதி பிரதமர் மோடி அதே சாலைக்கு மறுபடியும் அடிக்கல் நாட்டினார். இந்த தடவை மதிப்பீடு ரூ.5,850 கோடியை தாண்டியது.

நடுவில் போனது 13 வருஷம். வேலை நின்ற பிறகு வருஷக்கணக்கில் கூவம் ஆற்றில் பாதி கட்டிய தூண்கள் மொட்டையாக நின்றன. கம்பி துரு ஏறியது. சேத்துப்பட்டு, அமைந்தகரை பக்கம் பஸ்சில் போனவர்கள் எல்லாம் "இது எப்பத்தான் முடியும்?" என்று ஜன்னல் வழியாக பார்த்துக்கொண்டே போனார்கள்.

ஒரு அரசு திட்டம் இப்படி ஆற்றோடு போனதற்கு யார் காரணம்? அரசியலா, கோர்ட்டா, சுற்றுச்சூழல் சட்டமா? ரோடு போடும் முன்பே பார்க்க வேண்டியதை பார்க்காமல் விட்டதா?

இந்த கேள்வி சென்னையோடு முடிகிற கேள்வி இல்லை. திருவண்ணாமலையில் நிலம் வைத்திருக்கும் விவசாயிக்கும், கூவம் கரையில் குடிசை இழந்தவருக்கும், துறைமுக வாசலில் ராத்திரி பகலாக காத்துக்கிடக்கும் லாரி டிரைவருக்கும் இதில் பங்கு இருக்கிறது.

எதுக்கு இந்த ரோடு?

முதலில் ஒன்றை நேர்மையாக சொல்லிவிட வேண்டும். இந்த ரோடு வேண்டாத ரோடு இல்லை.

சென்னை துறைமுகத்துக்கு வரும் கன்டெய்னர் லாரிகள் பகல் நேரத்தில் நகருக்குள் இஷ்டத்துக்கு வர முடியாது. கட்டுப்பாடு உண்டு. அதனால் திருவொற்றியூர், எண்ணூர், மணலி பக்கம் லாரிகள் வரிசை கட்டி நின்றது வடசென்னை மக்களுக்கு தெரிந்த கதை. லாரி நின்றால் டிரைவருக்கு படி நஷ்டம். வீட்டுக்கு போக முடியாது. அந்த தெருக்களில் குடியிருப்பவர்களுக்கு புகை, தூசி, விபத்து.

துறைமுகத்தில் இருந்து மேலே ஏறினால் மதுரவாயலில் இறங்கலாம், அங்கிருந்து நேராக பெங்களூர் ரோட்டை பிடிக்கலாம் என்பதுதான் திட்டம். சுமார் 19 கிலோமீட்டர் தூரம். நகருக்குள் லாரி தொல்லை குறையும். நல்ல யோசனைதான்.

ஆனால் நகருக்குள் அவ்வளவு நீளத்துக்கு இடம் எங்கே இருக்கிறது? வீடுகளை இடித்தால் நஷ்டஈடு கொடுக்க வேண்டும், வழக்கு வரும். அதிகாரிகளின் கண் கூவத்தின் மேல் விழுந்தது. ஆற்றங்கரையில் தூண் நட்டால் யாரும் கேட்க மாட்டார்கள் என்ற கணக்கு.

அங்கேதான் சிக்கல் ஆரம்பித்தது.

சாக்கடைனு நினைச்சா... அது ஆறு!

கூவத்தை சாக்கடை என்று சொல்லி சொல்லியே பழகிவிட்டோம். ஆனால் திருவள்ளூர் பக்கம் இருந்து வரும் வெள்ளத்தை கடலில் கொண்டுபோய் விடுகிற வழி அதுதான். நேப்பியர் பாலம் பக்கம் கடலில் கலக்கிறது. 2015-ம் ஆண்டு டிசம்பர் வெள்ளத்தில் கூவம் கரை புரண்டதை கரையோர மக்கள் மறக்க மாட்டார்கள். அடையாறுக்கு நடந்ததைத்தான் எல்லோரும் பேசினார்கள். கூவமும் சும்மா இருக்கவில்லை.

இன்னொரு விஷயம். கடல் அலை ஏறி இறங்கும்போது அந்த தண்ணீர் ஆற்றுக்குள்ளும் ஓரளவு தூரம் வந்து போகும். அந்த தூரம் வரைக்கும் ஆற்றங்கரையும் கடற்கரை மாதிரியே சட்டத்துக்குள் வரும். 1991-ல் வந்த கடலோர ஒழுங்குமுறை விதி அப்படித்தான் சொன்னது. 2011, 2019-ல் விதி மாறிய பிறகும் இந்த அடிப்படை மாறவில்லை. அதனால் கூவம் ஓரத்தில் ரோடு போடவும் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் அனுமதி தேவை.

அனுமதி கிடைத்தது. ஆனால் நிபந்தனையோடு கிடைத்தது. ஆற்றின் நீரோட்டத்தை தூண்கள் தடுக்க கூடாது என்பதுதான் அதில் முக்கியம்.

2012-ம் ஆண்டு மார்ச் மாதம், அப்போதைய அ.தி.மு.க. அரசு வேலையை நிறுத்தச்சொல்லி உத்தரவு போட்டது. ஒப்புக்கொண்ட பாதையை விட்டு விலகி, ஆற்றுக்குள்ளேயே தூண் நடுகிறார்கள், வெள்ளம் வந்தால் தண்ணீர் போகாது என்பது அரசு சொன்ன காரணம். அதோடு வேலை நின்றது.

விவகாரம் ஐகோர்ட்டுக்கு போனது. 2014-ம் ஆண்டு பிப்ரவரியில் அரசின் உத்தரவை ஐகோர்ட்டு ரத்து செய்தது. அரசு விடவில்லை. சுப்ரீம் கோர்ட்டுக்கு போனது. வருஷங்கள் ஓடின. பிறகு ஒரு சமாதானம் வந்து, திட்டத்தையே மாற்றி எழுதினார்கள்.

புதிய திட்டத்தில் பறக்கும் சாலை 2 அடுக்கு ஆகிவிட்டது. கீழ் அடுக்கில் நகர வாகனங்கள், மேல் அடுக்கில் துறைமுக லாரிகள். 2022 மே மாதம் மத்திய நெடுஞ்சாலை ஆணையம், தமிழக அரசு, துறைமுகம், கடற்படை என 4 தரப்பும் சேர்ந்து ஒப்பந்தம் போட்டன. கடலோர அனுமதி மறுபடியும் முதலில் இருந்து வாங்க வேண்டி வந்தது.

ரூ.1,655 கோடி எங்கே, ரூ.5,850 கோடி எங்கே? 2 அடுக்கு என்பதால் செலவு கூடத்தான் செய்யும். இரண்டையும் அப்படியே ஒப்பிட்டால் நியாயம் இல்லை. ஆனால் 2009-க்கும் 2022-க்கும் இடையில் சிமெண்டு, கம்பி, கூலி ஏறிய ஏற்றத்துக்கு பணம் கட்டுவது யார்? வரி கட்டுகிற ஜனங்கள்தான்.

அரசியல்னு சொன்னா போதுமா?

"தி.மு.க. கொண்டு வந்த திட்டம், அதனால் அ.தி.மு.க. நிறுத்தியது" என்று அன்றைக்கு ஒரு தரப்பு சொன்னது. "ஆற்றை காப்பாற்றத்தான் நிறுத்தினோம்" என்று இன்னொரு தரப்பு சொன்னது. இரண்டில் எது எவ்வளவு உண்மை என்பதை அவரவர் கட்சிக்காரர்கள் பேசிக்கொள்ளட்டும்.

நாம் கேட்க வேண்டிய கேள்வி வேறு. வேலை தொடங்கும் முன்பே, எந்த தூண் எங்கே வரும், அந்த இடத்தில் ஆறு எவ்வளவு அகலம், பெருவெள்ளம் வந்தால் தண்ணீர் எவ்வளவு உயரம் ஏறும் என்று கணக்கு போட்டு, பொதுமக்கள் முன்னால் வைத்திருந்தால்?

அப்படி வைத்திருந்தால், பின்னால் யார் ஆட்சிக்கு வந்தாலும் "தூண் ஆத்துக்குள்ள இருக்கு" என்று சொல்லி வேலையை நிறுத்த முடிந்திருக்காது. உண்மையிலேயே தூண் தப்பான இடத்தில் இருந்திருந்தால், ஒரு பைசா செலவு ஆவதற்கு முன்பே தெரிந்திருக்கும். ஆய்வில் ஓட்டை இருந்தால், அதுவே அரசியலுக்கு வாசல் ஆகிவிடுகிறது.

பக்கிங்காம் கால்வாய் சொன்ன பாடம்

தூணை தண்ணீரில் நடுவது சென்னைக்கு புதுசு இல்லை. பறக்கும் ரெயில் நினைவு இருக்கிறதா?

1995-ல் கடற்கரையில் இருந்து சேப்பாக்கம் வரை ஓடியது. 1997-ல் மயிலாப்பூர் வந்தது. 2007-ல் வேளச்சேரியை தொட்டது. இன்றைக்கு பல ஆயிரம் பேர் அதில்தான் வேலைக்கு போகிறார்கள். ஆனால் திருவல்லிக்கேணி தொடங்கி மயிலாப்பூர், மந்தைவெளி வழியாக அதன் தூண்கள் நிற்பது எங்கே? பக்கிங்காம் கால்வாயில்! ரெயில் நிலையங்கள்கூட கால்வாய்க்கு மேலேயே உட்கார்ந்திருக்கின்றன.

ஒரு காலத்தில் படகு ஓடிய கால்வாய் அது. தூண் வந்த பிறகு இன்னும் குறுகியது. தூர்வார இயந்திரம் இறக்கவே சிரமம். மழை பெய்தால் ஓரத்து தெருக்களில் தண்ணீர் தேங்குவதை அந்த பகுதி மக்களிடம் கேட்டால் தெரியும்.

ரெயில் வந்தது நல்லது. ஆனால் கால்வாய்க்கு என்ன ஆகும் என்று அன்றைக்கு யாரும் ஜனங்களிடம் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்ற சட்டமும் இல்லை.

சுற்றுச்சூழல் ஆய்வுனா என்ன?

அந்த சட்டம் 1994-ம் ஆண்டு ஜனவரியில் வந்தது. பெரிய திட்டங்களை தொடங்கும் முன் சுற்றுச்சூழலுக்கு என்ன பாதிப்பு வரும் என்று ஆய்வு செய்து அனுமதி வாங்க வேண்டும் என்று மத்திய அரசு அறிவித்தது. 2006-ம் ஆண்டு செப்டம்பர் 14-ந்தேதி அதை மாற்றி புது அறிவிப்பு வந்தது. பல திருத்தங்களோடு அதுதான் இப்போதும் அடிப்படை.

நடைமுறை இதுதான்.

முதலில், எதையெல்லாம் ஆய்வு செய்ய வேண்டும் என்று மத்திய அல்லது மாநில நிபுணர் குழு பட்டியல் கொடுக்கும். அதை வைத்து அறிக்கை தயார் ஆகும். பிறகு அந்தந்த மாவட்டத்தில் கருத்துக்கேட்பு கூட்டம். கலெக்டர் அல்லது அவர் சார்பில் ஒரு அதிகாரி தலைமை தாங்குவார். மாசு கட்டுப்பாட்டு வாரியம் ஏற்பாடு செய்யும். 30 நாள் முன்பே பத்திரிகையில் அறிவிப்பு வர வேண்டும். அறிக்கையின் சுருக்கம் தமிழில் கிடைக்க வேண்டும். கூட்டத்தை வீடியோ எடுக்க வேண்டும். யார் என்ன பேசினார்கள் என்று எழுதி, கூட்டம் முடிவில் வாசித்து காட்ட வேண்டும்.

அதன்பிறகு அத்தனையும் நிபுணர் குழுவுக்கு போகும். குழு பார்த்து, அனுமதி கொடுக்கலாமா கூடாதா, கொடுத்தால் என்ன நிபந்தனை என்று பரிந்துரை செய்யும்.

காகிதத்தில் பார்த்தால் நல்ல ஏற்பாடு. நடைமுறையில்?

மாப்பிள்ளை வீட்டாரே ஜாதகம் எழுதினா?

அறிக்கையை யார் தயார் செய்வது? அங்கீகாரம் பெற்ற தனியார் ஆலோசனை நிறுவனம். அதற்கு பணம் கொடுப்பது யார்? திட்டத்தை கொண்டு வருகிறவர்களே! ரோடு போட நினைப்பவர் பணம் கொடுத்து, ரோடு போடலாமா என்று கேட்டால் என்ன பதில் வரும்? மாப்பிள்ளை வீட்டுக்காரரே ஜாதகமும் எழுதி பொருத்தமும் பார்க்கிற கதைதான்.

எல்லா அறிக்கையும் பொய் என்று சொல்ல முடியாது. நல்ல ஆய்வும் நடக்கிறது. ஆனால் "இந்த ரோடு வேண்டாம்" என்று முடிவு சொல்லும் அறிக்கையை பார்ப்பது அபூர்வம்.

அடுத்தது, எந்த ரோட்டுக்கு ஆய்வு தேவை என்பதே சுருங்கிக்கொண்டு வந்தது. 2006 அறிவிப்பில், 30 கிலோமீட்டருக்கு மேல் உள்ள தேசிய நெடுஞ்சாலை விரிவாக்கத்துக்கு அனுமதி தேவை என்று இருந்தது. 2013-ம் ஆண்டு ஆகஸ்டில் அதை 100 கிலோமீட்டர் ஆக்கினார்கள். எடுக்கும் நிலத்தின் அகல வரம்பையும் 20 மீட்டரில் இருந்து 40 மீட்டர் ஆக்கினார்கள். மாற்றுப்பாதை போடும் இடத்தில் 60 மீட்டர்.

இதன் விளைவு என்ன? 95 கிலோமீட்டர் நீளத்துக்கு ரோட்டை அகலப்படுத்தி, ஓரத்து புளியமரத்தை எல்லாம் சாய்த்தாலும் இந்த ஆய்வு தேவைப்படாது! புதிதாக நிலம் எடுக்காத விரிவாக்கமாக இருந்தால் பொதுமக்கள் கூட்டமும் தேவை இல்லை.

ரெயில் பாதையும் மெட்ரோ ரெயில் தடமும் அந்த பட்டியலிலேயே இல்லை. சென்னை மெட்ரோவின் 2-ம் கட்டம் 3 வழித்தடங்களில் சுமார் 119 கிலோமீட்டர். இவ்வளவு பெரிய திட்டத்துக்கு சுற்றுச்சூழல், சமூக பாதிப்பு அறிக்கை தயாரானது. எதனால் தெரியுமா? கடன் கொடுக்கும் ஜப்பான் நாட்டு நிறுவனமும், ஆசிய வளர்ச்சி வங்கியும் அதை கேட்டதால்! நம்ம ஊர் சட்டம் கேட்காத கேள்வியை கடன் கொடுக்கிறவர் கேட்கிறார். அவருக்கு அவர் பணம் பத்திரமாக இருக்க வேண்டும் என்ற கவலை.

8 வழிச்சாலை: கல்லு முதல்ல... ஆய்வு அப்புறம்!

சென்னையை விட்டு கொஞ்சம் தள்ளி போவோம்.

2018-ம் ஆண்டு சென்னை - சேலம் 8 வழி பசுமைச்சாலை அறிவிக்கப்பட்டது. சுமார் 277 கிலோமீட்டர். மதிப்பீடு ரூ.10 ஆயிரம் கோடி. காஞ்சீபுரம், திருவண்ணாமலை, கிருஷ்ணகிரி, தர்மபுரி, சேலம் என 5 மாவட்டங்கள். இதில் அதிக நிலம் போக இருந்தது திருவண்ணாமலை மாவட்டத்தில். நெல்லும் கரும்பும் விளைகிற பூமி, கிணறு, தென்னந்தோப்பு, காடு, மலை எல்லாம் பாதையில் வந்தன.

ஜனங்களுக்கு திட்டம் தெரிய வந்த விதம்தான் முக்கியம். வீட்டு வாசலுக்கு முதலில் வந்தது ஆய்வு அறிக்கை அல்ல. அளவை சங்கிலியோடு வருவாய் துறை ஊழியர்களும், கூடவே போலீசாரும் வந்தார்கள். வயலில் கல் நட்டார்கள். எதிர்த்தவர்கள் கைது ஆனார்கள். பெண்கள் வயலில் விழுந்து அழுத காட்சியை டி.வி.யில் பார்த்து தமிழ்நாடே பதறியது.

வழக்கு ஐகோர்ட்டுக்கு போனது. 2019-ம் ஆண்டு ஏப்ரல் 8-ந்தேதி நீதிபதிகள் டி.எஸ்.சிவஞானம், பவானி சுப்பராயன் ஆகியோர் தீர்ப்பு சொன்னார்கள். நிலம் எடுக்கும் அறிவிப்பு ரத்து. சுற்றுச்சூழல் அனுமதி முதலில் வேண்டும். வருவாய் கணக்கில் பெயர் மாற்றி இருந்தால் 8 வாரத்தில் பழையபடி மாற்ற வேண்டும் என்பது உத்தரவு. விவசாயிகள் பட்டாசு வெடித்தார்கள்.

மத்திய அரசு தரப்பு சுப்ரீம் கோர்ட்டுக்கு போனது. 2020-ம் ஆண்டு டிசம்பர் 8-ந்தேதி அங்கே தீர்ப்பு வந்தது. நிலம் எடுக்க போகிறோம் என்று அறிவிக்கும் கட்டத்திலேயே சுற்றுச்சூழல் அனுமதி தேவை இல்லை, அறிவிப்பு செல்லும் என்றது கோர்ட்டு. ஆனால் வேலையை தொடங்கும் முன் அனுமதி வாங்கியே தீர வேண்டும் என்றும், நிலம் அரசுக்கு சொந்தமாகும் முன்பே விவசாயி பெயரை கணக்கில் மாற்றியது தவறு என்றும் சொன்னது.

சட்டப்படி அது கடைசி வார்த்தை. ஆனால் விவசாயியின் இடத்தில் இருந்து பார்த்தால் ஒரு சங்கடம் இருக்கிறது. நிலத்துக்கு அறிவிப்பு வந்த நாளில் இருந்து அவர் கை கட்டப்பட்டு விடுகிறது. விற்கலாம் என்றால் வாங்க ஆள் இல்லை. கிணறு வெட்டலாமா, வீட்டுக்கு ஒரு ரூம் சேர்த்து கட்டலாமா, பொண்ணு கல்யாணத்துக்கு அடமானம் வைக்கலாமா என்று எதற்கும் தயக்கம். "அதுதான் ரோட்டுக்கு போகப்போவுதே" என்ற ஒரே பதில்.

இந்த ரோடு இங்கேதான் போக வேண்டுமா என்பதை பிறகு ஆய்வு செய்கிறார்கள். பாதையை முடிவு செய்து, கல்லும் நட்ட பிறகு நடக்கும் ஆய்வு, முடிந்த கல்யாணத்துக்கு பொருத்தம் பார்ப்பது போலத்தான். ஏற்கனவே இருக்கிற உளுந்தூர்பேட்டை வழி, கிருஷ்ணகிரி வழி ரோடுகளை அகலப்படுத்தினால் போதாதா என்று போராட்டக்காரர்கள் கேட்டார்கள். அந்த மாதிரி மாற்று யோசனையை எடை போட வேண்டிய இடம் ஆய்வுதான். அது கடைசியில் வந்தால் எடை போட என்ன மிச்சம் இருக்கும்?

ஏரி மண்ணு எங்க போச்சு?

ரோடு என்றால் தார், ஜல்லி மட்டும் இல்லை. அடியில் மண் வேண்டும். மேட்டுச்சாலை என்றால் மலை மலையாக மண் வேண்டும். அது எங்கிருந்து வருகிறது? பக்கத்து ஏரியில் இருந்தும், புறம்போக்கு நிலத்தில் இருந்தும், பட்டா நிலத்தில் இருந்தும்தான். டிப்பர் லாரி ஓடுகிற ஊர்க்காரர்களுக்கு இது சொல்லித்தர வேண்டியது இல்லை.

2020-ம் ஆண்டு மார்ச் மாதம், கொரோனா ஊரடங்கு தொடங்கிய அதே வாரத்தில், மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் ஒரு அறிவிப்பு வெளியிட்டது. ரோடு, குழாய் மாதிரி நீளமான திட்டங்களுக்கு சாதாரண மண் எடுத்தால் சுற்றுச்சூழல் அனுமதி தேவை இல்லை என்றது. எவ்வளவு மண், எவ்வளவு ஆழம் என்று எந்த வரம்பும் சொல்லவில்லை. பொதுமக்களிடம் கருத்தும் கேட்கவில்லை.

2024-ம் ஆண்டு மார்ச் 21-ந்தேதி சுப்ரீம் கோர்ட்டு அந்த சலுகையை ரத்து செய்தது. கண்ணை மூடிக்கொண்டு கொடுத்த சலுகை, பொதுமக்கள் கருத்தை கேட்காததற்கு சரியான காரணமும் சொல்லவில்லை என்பது கோர்ட்டின் கருத்து. ஆனால் நடுவில் ஓடிய 4 வருஷத்தில் வெட்டி எடுத்த மண்ணை யார் திருப்பி கொட்டுவது?

இதே ரகத்தில் இன்னொன்று. வேலையை முடித்துவிட்டு பிறகு வந்து அனுமதி கேட்பது. 2025-ம் ஆண்டு மே 16-ந்தேதி, இனிமேல் அப்படி பின்தேதி அனுமதி கொடுக்கவே கூடாது என்று சுப்ரீம் கோர்ட்டு சொன்னது. அதே ஆண்டு நவம்பர் 18-ந்தேதி, 3 நீதிபதிகள் அமர்வில் 2 பேர் ஒரு பக்கமும் ஒருவர் எதிர்ப்பக்கமும் நின்று, அந்த தீர்ப்பு திரும்ப பெறப்பட்டது. ஏற்கனவே கட்டிய பொது திட்டங்களை இடித்தால் ஆயிரக்கணக்கான கோடி பணம் வீணாகும் என்ற வாதம் அங்கே எடுபட்டது.

கட்டியாச்சு, இனிமே இடிக்க முடியாது என்பதுதான் எல்லா இடத்திலும் கடைசி வாதம். அதனாலேயே கட்டுவதற்கு முன் பார்ப்பது முக்கியம் ஆகிறது.

கரையில இருந்தவங்க எங்கே?

கூவத்துக்கே திரும்பி வருவோம். ஆற்றை சீரமைப்பது, வெள்ள தடுப்பு, பறக்கும் சாலை என்று பல காரணங்களுக்காக கூவம் கரையில் இருந்த ஆயிரக்கணக்கான குடும்பங்கள் வெளியேற்றப்பட்டன. பெரும்பாக்கம், கண்ணகி நகர் பக்கம் அடுக்குமாடி வீடு கொடுத்தார்கள்.

கான்கிரீட் வீடு கிடைத்தது. தண்ணீர் உள்ளே வரும் பயம் இல்லை. அது நல்லதுதான். ஆனால் எழும்பூரில் வீட்டு வேலை பார்த்தவர், சிந்தாதிரிப்பேட்டையில் மீன் விற்றவர், சென்ட்ரலில் மூட்டை தூக்கியவர் இப்போது 20 கிலோமீட்டருக்கு மேல் பயணம் செய்ய வேண்டும். விடியற்காலை 4 மணிக்கு மீன் எடுக்க வேண்டும் என்றால் எந்த பஸ்? பாதி படிப்பில் பிள்ளைகளுக்கு எந்த பள்ளிக்கூடம்?

சுற்றுச்சூழல் ஆய்வு என்றால் மரம், மீன், பறவை மட்டும்தான் என்று ஒரு நினைப்பு இருக்கிறது. அப்படி இல்லை. பாதிக்கப்படும் மனிதர்களின் பிழைப்பையும் அதில் எழுத வேண்டும். "இத்தனை குடும்பம் இடம் மாற்றப்படும்" என்று ஒரு வரியில் முடித்துவிட்டால், அந்த குடும்பத்தின் அடுத்த 10 வருஷம் அந்த வரிக்குள் அடங்குமா?

நிபந்தனையை யார் பார்ப்பது?

அனுமதி கிடைத்துவிட்டால் கதை முடியவில்லை. ஒவ்வொரு அனுமதியிலும் பக்கம் பக்கமாக நிபந்தனை இருக்கும். வெட்டும் மரத்துக்கு பதில் மரம், தூசி பறக்காமல் தண்ணீர் தெளிப்பது, ஆற்றில் கட்டிட கழிவு கொட்டாமல் இருப்பது என்று நீளும். அதை நிறைவேற்றியதாக 6 மாதத்துக்கு ஒருமுறை அறிக்கை கொடுக்க வேண்டும்.

அந்த அறிக்கையை எழுதுவதும் திட்டத்தை செய்கிறவர்தான். நேரில் வந்து பார்க்கும் அதிகாரிகளோ குறைவு. இப்போது நடக்கும் 2 அடுக்கு சாலை வேலையிலும், இயந்திரங்கள் இறங்குவதற்காக கூவத்தில் கொட்டிய மண்ணை மழைக்காலத்துக்கு முன் எடுங்கள் என்று நீர்வளத்துறை கேட்க வேண்டி வந்தது. 2012-ல் எந்த கேள்வி எழுந்ததோ, அதே கேள்விதான். தண்ணீர் போக வழி இருக்கிறதா?

பஸ்சுக்கு ஏன் இந்த கணக்கு இல்லை?

இதில் யாரும் பேசாத ஒரு ஓட்டை இருக்கிறது. நம் நாட்டில் ஆய்வு என்பது தனித்தனி திட்டத்துக்குத்தான். ஒட்டுமொத்த கொள்கைக்கு ஆய்வு கிடையாது.

அதாவது, ரூ.5,850 கோடியில் ஒரு பறக்கும் சாலை கட்டுவதா, துறைமுக சரக்கை கூடுதலாக ரெயிலில் அனுப்புவதா, அந்த பணத்தில் மாநகர பஸ்களை கூட்டுவதா என்று 3 வழிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எதில் புகை குறையும், எதில் அதிக ஜனங்களுக்கு பலன் என்று பார்க்க வேண்டிய கட்டாயம் சட்டத்தில் இல்லை. ரோடு என்று முடிவு ஆன பிறகு, அந்த ரோட்டால் என்ன பாதிப்பு என்று மட்டும் பார்ப்பார்கள்.

2021-ம் ஆண்டு மே மாதம் சாதாரண கட்டண டவுன் பஸ்களில் பெண்களுக்கு இலவச பயணம் வந்தது. 2025-ம் ஆண்டு ஜூன் கடைசியில் வியாசர்பாடி பணிமனையில் இருந்து 120 மின்சார பஸ்கள் ஓடத்தொடங்கின. இதனால் எத்தனை பேர் டூவீலரை விட்டுவிட்டு பஸ்சுக்கு மாறினார்கள், காற்று எவ்வளவு சுத்தமானது என்ற கணக்கையும் ரோடு திட்டத்தின் கணக்கையும் ஒரே மேஜையில் வைத்து பார்த்தால்தான் உண்மை தெரியும். பஸ் ஸ்டாப்பில் முக்கால் மணி நேரம் நிற்கிறவருக்கு, மேலே பறக்கும் சாலை கட்டுவதில் என்ன லாபம் என்று கேட்க உரிமை உண்டு.

நம்ம கையில என்ன இருக்கு?

சட்டத்தில் ஓட்டை இருந்தாலும், இருக்கிற உரிமையை பயன்படுத்துகிறவர்கள் குறைவு. கவனிக்க வேண்டியவை இவை:

* கருத்துக்கேட்பு கூட்ட அறிவிப்பு பத்திரிகையில் வரும். 30 நாள் அவகாசம் உண்டு. கலெக்டர் அலுவலகம், உள்ளாட்சி அலுவலகம், மாசு கட்டுப்பாட்டு வாரிய அலுவலகத்தில் அறிக்கையை பார்க்கலாம். தமிழ் சுருக்கத்தை கேட்டு வாங்கலாம்.

* கூட்டத்துக்கு போய் பேசலாம். பேச கூச்சமாக இருந்தால் எழுதி கொடுக்கலாம். கொடுத்ததற்கு ஒப்புகை வாங்க மறக்க கூடாது. "ரோடு வேண்டாம்" என்று பொதுவாக சொல்வதை விட, "இந்த சர்வே நம்பரில் கிணறு இருக்கிறது, இந்த ஓடையில் மழைக்கு இவ்வளவு தண்ணீர் வரும்" என்று சொன்னால் பலம் அதிகம். ஊர்க்காரருக்கு தெரிந்த அளவு தண்ணீர் பாதை எந்த நிறுவனத்துக்கும் தெரியாது.

* முடிவில் வாசிக்கும் நடவடிக்கை குறிப்பில் தன் பேச்சு சரியாக வந்திருக்கிறதா என்று கேட்க வேண்டும். விட்டுப்போயிருந்தால் அங்கேயே சொல்ல வேண்டும்.

* அனுமதி கொடுத்துவிட்டார்கள் என்றால், 30 நாளுக்குள் தேசிய பசுமை தீர்ப்பாயத்தில் அப்பீல் செய்யலாம். தக்க காரணம் இருந்தால் மேலும் 60 நாள் வரை அவகாசம் கிடைக்கும். தென்மண்டல அமர்வு சென்னை சேப்பாக்கத்தில் இருக்கிறது. நாள் தாண்டிவிட்டால் எவ்வளவு நியாயம் இருந்தாலும் கதவு மூடிவிடும்.

* நிபந்தனையை மீறினால் 6 மாத அறிக்கையையும், அனுமதி கடித நகலையும் தகவல் உரிமை சட்டத்தில் கேட்கலாம்.

யாருக்கு நஷ்டம்?

சுற்றுச்சூழல் ஆய்வு என்றாலே வளர்ச்சிக்கு முட்டுக்கட்டை என்று ஒரு பேச்சு ஓடுகிறது. துறைமுகம் - மதுரவாயல் சாலையின் கதை அதற்கு நேர் எதிராக இருக்கிறது. ஆரம்பத்தில் ஒரு வருஷம் கூடுதலாக செலவு செய்து ஆற்றையும் தூணையும் ஒழுங்காக அளந்திருந்தால், 13 வருஷம் போயிருக்காது.

அந்த 13 வருஷத்தில் அமைச்சர்கள் மாறினார்கள், அதிகாரிகள் ஓய்வு பெற்றார்கள். யாருக்கும் சம்பளம் நிற்கவில்லை. துறைமுக வரிசையில் காத்துக்கிடந்த லாரி டிரைவரும், கரையில் இருந்து பெரும்பாக்கம் போன குடும்பமும், கல் நட்ட வயலை பார்த்துக்கொண்டு தூங்காமல் கிடந்த விவசாயியும்தான் விலை கொடுத்தார்கள்.

ரோடு வேண்டும். ரெயில் வேண்டும். ஆனால் தூண் நடும் முன் தண்ணீர் போகும் வழியையும், கல் நடும் முன் அந்த நிலத்துக்காரரையும் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு நடுங்கள் என்பதுதான் ஜனங்களின் கோரிக்கை. அடுத்த அடிக்கல் விழாவுக்கு பந்தல் போடும் முன் அதிகாரிகள் இதை யோசிப்பார்களா?